அழகப்பரை நீங்கள் எங்கே சந்தித்தீர்கள்?

கோட்டையூரிலிருந்து:

ஏப்ரல் முதல் வாரம் வந்தால் காரைக்குடிப் பக்கம் வள்ளல் அழகப்பச் செட்டியார் படத்துக்கு மாலை விழும். 1909 ஏப்ரல் 6 எங்கள் கோட்டையூரில் பிறந்தார், 1957 ஏப்ரல் 5 மறைந்தார். 48 வயது முடிய ஒரே ஒரு நாள் பாக்கி. மேடையில் ஏறுகிறவர்கள் அவர் ஆரம்பித்த கல்லூரிகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லிவிட்டு இறங்குவார்கள். சொல்லவேண்டியதுதான். ஆனால் அவருடைய இன்னொரு பக்கம் மேடைக்கு வருவதே இல்லை என்பது எனக்கு ரொம்ப நாளாக மனத்தாங்கல். இந்த மனிதர் விமானம் ஓட்டக் கற்றவர். சொந்தமாக ஒரு விமானக் கம்பெனியே நடத்தியவர்.

அவர் பிறந்த காலத்தில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாதை முன்கூட்டியே போட்டு வைத்திருக்கும். எழுத்தும் கணக்கும் வந்ததும் கப்பலேற்றி பர்மாவுக்கோ மலேயாவுக்கோ அனுப்பிவிடுவார்கள். கடையில் பெட்டியடிப் பையனாக உட்கார்ந்து, அடுத்தாளாகி, பிறகு மேலாளாகி, சம்பாதித்து ஊர் திரும்பி முகப்பும் பட்டாலையுமாக வீடு கட்டவேண்டும். அழகப்பர் அந்தப் பாதையில் போகவில்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் எம்.ஏ. முடித்தார். எங்கள் செட்டியார் சமூகமான நகரத்தாரில் அந்தப் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவர்தான் என்பார்கள். பிறகு லண்டன். அங்கே பாரிஸ்டர் படிப்பு, சார்ட்டர்டு வங்கியில் பயிற்சி, அதோடு கிராய்டனில் விமானம் ஓட்டுவதற்கான சான்றிதழும்.

கிராய்டன் அன்றைக்கு லண்டனின் பிரதான விமான நிலையம். ஆங்கிலேயப் பெண் விமானி ஏமி ஜான்சன் தன்னந்தனியாக ஆஸ்திரேலியாவுக்குப் பறந்தாரே, 1930 மே மாதம் அவர் கிளம்பியது அங்கிருந்துதான். இங்கே இந்தியாவில் ஜே.ஆர்.டி. டாடா தபால் மூட்டையோடு கராச்சியிலிருந்து பம்பாய்க்கு விமானம் ஓட்டிவந்தது 1932 அக்டோபர் 15. பம்பாயில் அந்த விமானத்தை நெவில் வின்சென்ட் வாங்கிக்கொண்டு பெல்லாரி வழியாகச் சென்னைக்கு ஓட்டிவந்தார். ஏறக்குறைய அதே காலத்தில்தான் கோட்டையூர்ப் பிள்ளை ஒருவர் கிராய்டனில் விமானத்தின் ஸ்டிக்கைப் பிடித்திருக்கிறார். எங்கள் ஊர்ப் பெரியவர்களில் பலர் அன்று விமானத்தை அண்ணாந்துகூடப் பார்த்திராதவர்கள்.

அவரை நேரில் பார்த்தவர்கள் இன்று எண்பதைத் தாண்டியிருப்பார்கள். இருந்தால் முதலில் நீங்கள் எழுதுங்கள். மற்றவர்கள் அவர் கட்டிய சுவருக்குள் படித்திருப்பீர்கள், அவர் கொடுத்த நிலத்தில் வேலை பார்த்திருப்பீர்கள், அவர் பெயருள்ள ஊரில் குடியிருந்திருப்பீர்கள். எங்கே, எப்படி அவர் உங்கள் வாழ்க்கைக்குள் வந்தார் என்று எழுதுங்கள். குறிப்பாக அந்த விமானக் கதை தெரிந்தவர்கள்.


காரைக்குடி, பணி ஓய்வுபெற்ற ஆசிரியர்:

நேரில் பார்த்தவன் என்ற முறையில் முதலில் நான் எழுதுகிறேன். பெரிய சம்பவம் என்று ஒன்றும் இல்லை. அவருக்குப் பத்மபூஷண் கிடைத்த 1956-ஐ ஒட்டிய காலம். நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. கல்லூரிச் சாலையில் ஒரு கார் மெதுவாகப் போனது. எங்களை அழைத்துப்போன வாத்தியார் சட்டென்று நின்று, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். நாங்களும் நின்றோம். உள்ளே இருந்தவர் மெலிந்திருந்தார். எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்துக் கையை உயர்த்தினார். அவ்வளவுதான். உடம்பு முடியாமல் இருந்த காலம் அது.

கார் போன பிறகு வாத்தியார் சொன்னது இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது. "டேய், இங்க முன்னாடி என்ன இருந்துச்சு தெரியுமா? பொட்டக் காடு. நரி ஊளையிடும்." அன்றைக்கு அந்தப் பேச்சு எனக்குப் புரியவில்லை. நான் கண் விழித்துப் பார்த்தபோதே கட்டடங்கள் இருந்தன. நானே வாத்தியாராகி, அந்தப் பொட்டல் எவ்வளவு குறைந்த காலத்தில் மாறியது என்று கணக்குப் பார்த்தபோதுதான் அதன் கனம் தெரிந்தது.

1947-ல் சென்னையில் அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழா. அங்கே பேசிய சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார், செல்வர்கள் முன்வந்து கல்லூரிகள் தொடங்கவேண்டும் என்று கேட்டார். அழகப்பர் அந்தக் கூட்டத்திலேயே எழுந்து காரைக்குடியில் தொடங்குகிறேன் என்றார். அதே ஆண்டு ஆகஸ்டில், நாடு விடுதலையாகிற சமயத்தில், காரைக்குடி காந்தி மாளிகையில் வகுப்பு ஆரம்பித்துவிட்டது. கட்டடம் எழும்பும் வரை பொறுத்திருப்போம் என்று அவர் நினைக்கவில்லை. இன்றைக்கு ஒரு கல்லூரிக்கு அனுமதி வாங்கவே எத்தனை ஆண்டு ஆகிறது என்று பாருங்கள்.

1950-ல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, 1952-ல் பொறியியல் கல்லூரி. அவர் மறைந்து 28 ஆண்டுகளுக்குப் பிறகு, 1985-ல், அந்தக் கல்வி நிலையங்களை அடித்தளமாகக் கொண்டு அழகப்பா பல்கலைக்கழகம் வந்தது. என் பேத்தி அங்கேதான் படிக்கிறாள்.


சென்னை, முன்னாள் விமானப் பராமரிப்புப் பொறியாளர்:

கோட்டையூர் அண்ணே, விமானக் கதை கேட்டீர்கள். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

அறுபதுகளில் மீனம்பாக்கத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். அப்போது டகோட்டா விமானங்கள் ஓடிக்கொண்டிருந்தன. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த சீனியர் மெக்கானிக், தேசியமயத்துக்கு முந்தின தனியார் கம்பெனிக் காலத்து ஆள். வேலை நடுவே பழைய கம்பெனிகளின் பெயரை எடுப்பார். டெக்கான் ஏர்வேஸ், பாரத் ஏர்வேஸ், ஏர் சர்வீசஸ் ஆஃப் இந்தியா. இந்த வரிசையில் ஜுப்பிடர் ஏர்வேஸும் வரும். "அது செட்டியார் கம்பெனிப்பா" என்பார். எந்தச் செட்டியார் என்று நான் கேட்டதில்லை. பொறியியல் கல்லூரி ஆரம்பித்த அழகப்பர்தான் அவர் என்று பின்னாளில் தெரிந்தபோது உடம்பே சிலிர்த்துவிட்டது.

டகோட்டாவைப் பார்க்காத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். நின்றிருக்கும்போது வால் தரையிலும் மூக்கு வானத்திலுமாக இருக்கும். பின்பக்கக் கதவில் ஏறினால் இருக்கைக்குப் போக மேடேறவேண்டும். இறக்கைக்கு ஒன்றாக இரண்டு எஞ்சின், ஒவ்வொன்றிலும் 14 சிலிண்டர் வட்டமாக இரண்டு வரிசையில். ரேடியல் எஞ்சின் என்போம். ராத்திரி முழுக்க நின்ற எஞ்சினை அப்படியே ஸ்டார்ட் பண்ணக்கூடாது. அடியில் இருக்கிற சிலிண்டர்களுக்குள் எண்ணெய் இறங்கித் தேங்கியிருக்கும். பிஸ்டன் அதை நசுக்கப் பார்க்கும், எண்ணெய் நசுங்காது, கடைசியில் கனெக்டிங் ராடு வளைந்துபோகும். அதனால் விடியற்காலையில் ஆட்கள் வரிசையாக நின்று புரொப்பெல்லர் பிளேடை ஒவ்வொன்றாகக் கையால் இழுத்துச் சுற்றவேண்டும். எங்காவது இறுக்கிப் பிடித்தால் உடனே நிறுத்திவிட்டு, அடி சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி எண்ணெயை வடிக்கவேண்டும். மழை நாளில் காக்பிட் கண்ணாடி ஓரத்தில் தண்ணீர் ஒழுகும், பைலட்டுகள் தொடையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்காருவார்கள். இத்தனைக்கும் அதைப்போல நம்பகமான விமானம் கிடையாது. செம்மண் தரையிலும் இறங்கும்.

இப்போது கம்பெனி விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்க ராணுவத்தின் டகோட்டாக்கள் இந்தியாவில் ஏராளமாக மிஞ்சின. மலிவாக விற்றுத் தள்ளினார்கள். பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொழிற்சாலையில் அவற்றைப் பயணிகளுக்கேற்பப் புதுப்பித்துக் கொடுத்தார்கள். பணம் உள்ளவர்கள் பலரும் விமானக் கம்பெனி ஆரம்பித்தார்கள். ஆலை வைத்திருந்தவர்கள், சமஸ்தானத்துக்காரர்கள், வியாபாரிகள் என்று வரிசையாக வந்தார்கள். அரசும் உரிமங்களைத் தாராளமாகக் கொடுத்தது. தடங்கள் கொஞ்சம், கம்பெனிகள் அதிகம், டிக்கெட் வாங்கும் வசதி உள்ளவர்கள் மிகக் கொஞ்சம். பெட்ரோல் விலையும் அதன்மேல் வரியும் ஏறின. பாதி இருக்கை காலியாகப் போனாலும் எஞ்சின் குடிக்கிற பெட்ரோல் குறையாது. பறந்த மணிக்கணக்கு வந்துவிட்டால் எஞ்சினைப் பிரித்து மேய்ந்தே ஆகவேண்டும்.

1949-ல் ஜுப்பிடரும் அம்பிகா ஏர்லைன்ஸும் மூடும் நிலைக்கு வந்தன. மறு ஆண்டு அரசு அமைத்த ராஜாத்யக்ஷா குழு விசாரித்து, சந்தை தாங்குகிற அளவுக்கு மேல் கம்பெனிகளுக்கு அனுமதி கொடுத்ததுதான் கோளாறு என்று எழுதியது. 1953 ஆகஸ்ட் 1 அன்று மிச்சமிருந்த 8 உள்நாட்டுக் கம்பெனிகளையும் ஏர் இந்தியா இன்டர்நேஷனலையும் அரசு எடுத்துக்கொண்டது. உள்நாட்டுக்கு இந்தியன் ஏர்லைன்ஸ், வெளிநாட்டுக்கு ஏர் இந்தியா இன்டர்நேஷனல் என்று ஆயின. அதை எதிர்த்து வாதாடிய டாடாவாலேயே ஒன்றும் செய்ய முடியவில்லை.

அதனால் ஜுப்பிடர் மூடப்பட்டதை அழகப்பரின் தோல்வி என்று யாராவது எழுதினால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். அந்த நாலைந்து ஆண்டுகளில் விமானத்தில் பணம் பண்ணியவர் யார்? அவரும் மற்றவர்களைப்போலக் கணக்கு மட்டும் பார்த்து இறங்கியிருக்கலாம் என்று சிலர் சொல்லக்கூடும். ஆனால் அவர் தானே கையால் ஓட்டிப் பழகியவர் ஆயிற்றே. விமானத்தின் மேல் ஆசை இல்லாதவன் லண்டனில் பாரிஸ்டர் படிப்பையும் வங்கிப் பயிற்சியையும் வைத்துக்கொண்டு கிராய்டனுக்கு எதற்குப் போகிறான்?


பள்ளத்தூரிலிருந்து, ஒரு ஆச்சி:

நான் விமானம் பற்றி ஒன்றும் அறியேன். ஆனால் ஒரு வீடு பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

பெண் பிள்ளைகள் படிப்பதற்காக அழகப்பர் தான் குடியிருந்த வீட்டையே கொடுத்தார். இதை எல்லோரும் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். நகரத்தார் வீட்டில் பிறந்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய வரி என்று தெரியும். எங்களுக்கு வீடு என்றால் தலைமுறை. கல்யாணம், அறுபதாம் ஆண்டுச் சாந்தி, முன்னோருக்கான படைப்பு எல்லாம் அங்கேதான். பிள்ளைகள் ரங்கூனில் இருந்தாலும் கோலாலம்பூரில் இருந்தாலும் புள்ளி (குடும்பக் கணக்கு) இருக்கிற வீடு ஊரில் இருக்கும். பங்காளிகளுக்குள் எவ்வளவு சண்டை வந்தாலும் வளவை, அதாவது பங்காளிகளின் பொது வீட்டை, விற்கமாட்டார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் வீட்டைக் கொடுத்துவிட்டு எழுந்து போகிறார் என்றால் ஊர் சும்மா இருக்குமா?

எங்கள் அப்பத்தா காலத்தில் இதைப் பேசாத முற்றம் இல்லையாம். என்னைக் கல்லூரியில் சேர்க்கவேண்டும் என்று எங்கள் அப்பச்சி (அப்பாவை அப்படித்தான் சொல்வோம்) சொன்னபோது வீட்டில் ஒரே தகராறு. பதினேழு வயதில் கல்யாணம் பேசவேண்டிய பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று பெரியவர்கள் எல்லாம் ஒரு பக்கம். அப்பச்சி ஒரே ஒரு வார்த்தை சொன்னார்கள். "அழகப்பர் தன் வீட்டையே கொடுத்திருக்கார். நம்ம பொண்ணைக் கொடுக்க நமக்கென்ன?" அப்பத்தா அதற்கு மேல் பேசவில்லை. மறுநாள் காலையில் என் டிபன் கேரியரில் கவுனரிசி (கருப்பரிசியில் செய்கிற எங்கள் ஊர் இனிப்பு) வைத்து அனுப்பினார்கள்.

இன்னொன்று. கோட்டையூர்த் தம்பி இங்கே எழுதவில்லை என்றாலும், வேறு பல இடங்களில் "கோயிலுக்குப் போட்ட பணத்தைக் கல்விக்குப் போட்டவர்" என்று எழுதுகிறார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் ஆட்கள் கோயிலும் கட்டினார்கள், பள்ளிக்கூடமும் கட்டினார்கள். சிதம்பரத்தில் அண்ணாமலை அரசர் 1929-லேயே பல்கலைக்கழகம் கொண்டுவந்துவிட்டார். ஒன்றைத் தூக்கிப் பேச இன்னொன்றை இறக்கவேண்டாம்.


கோட்டையூரிலிருந்து:

ஆச்சி சொல்வது முழுக்கச் சரி. கொடுப்பது எங்கள் ஊருக்குப் புதிது இல்லை. என் கண்ணுக்குப் புதிதாகப் படுவது, அவர் எதற்குக் கொடுத்தார் என்பது. சென்னை கிண்டியில் தொழில்நுட்பக் கல்லூரிக்கு 1944-ல் 5 லட்சம். அதே நாற்பதுகளில் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு ஒரு லட்சம். பிறகு மின்வேதியியல் ஆய்வகத்துக்கு நிலமும் பணமும். தமிழ் ஒரு பக்கம் இருக்க, மற்றவை எல்லாம் எஞ்சின், ரசாயனம், ஜவுளி, மின்சாரம் சம்பந்தப்பட்டவை. ஆகாயத்தில் ஏறி எஞ்சினை நம்பி உட்கார்ந்த மனிதருக்குத்தான் இந்த நாட்டுக்கு இன்னும் என்னென்ன தெரிந்தாகவேண்டும் என்பது அவ்வளவு கூர்மையாகத் தெரிந்திருக்கும். விமானி அழகப்பரையும் வள்ளல் அழகப்பரையும் நான் வேறு வேறு ஆளாகப் பார்க்கவில்லை. அதற்காகத்தான் இந்தப் பேச்சையே ஆரம்பித்தேன்.


ஏ.சி. டெக் பழைய மாணவர், இப்போது திருப்பூர்:

எனக்கு அவர் ஒரு பெயர்ப் பலகையில்தான் அறிமுகம். கிண்டி வளாகத்தில் ஏ.சி. டெக் என்றே சொல்லிப் பழகி, 'ஏ.சி.' என்றால் அழகப்பச் செட்டியார் என்பதுகூடத் தெரியாமல் படிப்பை முடித்தவர்கள் உண்டு. நான் ஜவுளித் தொழில்நுட்பம் எடுத்தேன். கெமிக்கல், லெதர் எல்லாம் பக்கத்திலேயே. 1944-ல் உலகப் போர் முடியவே இல்லை, வெள்ளைக்காரன் இன்னும் போகவில்லை. அந்த நேரத்தில் ஒரு தனிமனிதர் கெமிக்கல் எஞ்சினீயரிங் சொல்லிக்கொடுக்கக் காசு கொடுத்தார் என்பதை நினைத்துப் பாருங்கள். இன்று திருப்பூரில் சாயப்பட்டறைக் கழிவுநீரைச் சுத்திகரிக்கிற ஆலைகளில் எங்கள் கல்லூரிக்காரர்களைப் பார்க்கலாம். வேறென்ன சொல்ல.


திருச்சூர், அழகப்பா நகரிலிருந்து:

மலையாள மண்ணில் ஒரு ஊரே அவர் பெயரில் இருக்கிறது என்பது தமிழ்நாட்டில் பலருக்குத் தெரிவதில்லை. புதுக்காடு, ஆம்பல்லூர் பக்கம். முப்பதுகளின் பின்பகுதியில் அவர் கொச்சின் டெக்ஸ்டைல்ஸ் ஆலையை இங்கே ஆரம்பித்தார். எங்கள் தாத்தா செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்து வந்து நூற்பில் சேர்ந்தார். ஆலைச் சங்கு ஊதினால் ஊரே எழும். மலையாளமும் தமிழும் ஒரே வரிசை வீட்டில் கலந்து கிடந்தன. நான் இரண்டையும் அங்கேதான் கற்றேன். பிற்பாடு ஆலை தேசிய ஜவுளிக் கழகத்திடம் போனது. பஞ்சாயத்துக்கு இன்றும் அளகப்ப நகர் என்றே பெயர். இங்குள்ள மலையாளிப் பிள்ளைகளிடம் யார் அந்த அளகப்பன் என்று கேட்டால், 'கம்பெனி தொடங்கிய ஆள்' என்பார்கள். விமானம் ஓட்டியவர் என்று சொன்னால் நம்பமாட்டார்கள். இந்தப் பகிர்வைப் படித்துக்காட்டப் போகிறேன்.


சிக்ரியில் வேலை பார்த்தவர்:

காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் என்று சொன்னால் ஆட்டோக்காரருக்குத் தெரியாது, சிக்ரி என்றால் கொண்டுபோய் விடுவார். அந்த இடத்துக்காக அழகப்பர் கொடுத்தது 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14, பொங்கல் சமயம், அப்போதைய குடியரசுத் துணைத்தலைவர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். டெல்லி, பூனா, ஜாம்ஷெட்பூர் என்று பெரிய நகரங்களுக்குத் தேசிய ஆய்வகங்கள் போய்க்கொண்டிருந்த காலம். நாட்டின் மின்வேதியியல் ஆராய்ச்சிக்குத் தலைமை இடமாக ராமநாதபுரம் ஜில்லாவின் ஒரு பொட்டல் வந்தது என்றால், அது ஒருவருடைய பிடிவாதத்தால் வந்தது.

மின்வேதியியல் என்றால் என்ன என்று சொந்தக்காரர்கள் கேட்கும்போது மூன்றே சொல்வேன். பேட்டரி, முலாம், துரு. நான் இருந்தது துருப் பக்கம். மண்டபத்தில் எங்களுக்குக் கடலோர ஆய்வு மையம் உண்டு. கையகலத் தகடுகளை, ஒவ்வொன்றுக்கும் ஒரு பூச்சுக் கொடுத்து, எடை போட்டு, எண் குத்தி, சட்டத்தில் மாட்டிக் கடலுக்குள் இறக்கிவிடுவோம். மாதக்கணக்கில் கிடக்கும். வெளியே எடுத்தால் தகடே தெரியாது, கொட்டலசு (ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் கடல் உயிரி) மூடியிருக்கும். அதை மரச்செதிலால் சுரண்டவேண்டும். இரும்புச் சுரண்டி போட்டால் உலோகமும் சேர்ந்து வந்துவிடும், எடைக்கணக்கு கெட்டுவிடும். சுரண்டி, அமிலத்தில் துருவைக் கரைத்து, கழுவி, காயவைத்து, மறுபடி எடை. முதல் எடைக்கும் இந்த எடைக்கும் உள்ள வித்தியாசம்தான் கடல் தின்றது. பாம்பன் காற்றுக்கு எந்த இரும்பும் தப்பாது. அங்கே நிற்கிற தகடு தாக்குப்பிடித்தால் அந்தப் பூச்சு எங்கேயும் தாக்குப்பிடிக்கும்.

சென்னை நண்பர் டகோட்டா பற்றி எழுதியதைப் படித்தபோது எனக்கு இதுதான் தோன்றியது. விமானத்தின் அலுமினியத் தோலுக்கும் உப்புக் காற்று எதிரி. விமானத்தில் உள்ள பேட்டரி, உதிரி பாகங்களின் முலாம், உடம்பின் அரிப்பு எல்லாம் நம் துறைதான். தன் விமானங்களை மனதில் வைத்துத்தான் அழகப்பர் இந்த ஆய்வகத்தைக் கேட்டார் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால் விமானம் வைத்திருந்தவருக்கு இது என்ன துறை என்று யாரும் விளக்கவேண்டி இருந்திருக்காது.

சொல்லவேண்டிய இன்னொரு விஷயம். சர் பட்டம் வாங்கியவர், விடுதலைக்குப் பிறகு அதைத் துறந்தார். எங்கள் காலத்தில் வயதான ஊழியர்கள் சிலர் பழக்க தோஷத்தில் 'சர் அழகப்பா' என்றே சொல்வார்கள்.


கானாடுகாத்தானிலிருந்து:

ஐயா, அம்மா எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது இருபத்தாறு. அழகப்பரோடு எனக்கு நேரடித் தொடர்பு கிடையாது, அழகப்பா பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்தேன் என்பதைத் தவிர. ஆனால் செட்டிநாடு ஆட்டுப்பண்ணை, மாட்டுப்பண்ணை இருக்கிற இடத்தில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஓடுபாதைகள் கிடக்கின்றன. சின்ன வயதில் எங்களுக்கு அதுதான் கிரிக்கெட் மைதானம், சைக்கிள் பழகிய இடமும் அதுதான். சுற்றிலும் புல்லும் முள்ளும், நடுவே நேராகப் போகிற அகலமான தளம். எங்கள் ஊரில் விமானம் இறங்கியதா என்று வாய்பிளந்து கேட்போம். யாரோ ஒருவர் 'எல்லாம் செட்டியார் பிளேன் இறங்கினது' என்று சொல்லிவிட்டார், நாங்களும் அதையே சொல்லித் திரிந்தோம். போருக்காக அரசு போட்டது அது என்று கல்லூரிக்கு வந்த பிறகுதான் படித்தேன். அழகப்பர் விமானம் அங்கே இறங்கியதா இல்லையா, யாருக்காவது உறுதியாகத் தெரியுமா?


சென்னை, முன்னாள் விமானப் பராமரிப்புப் பொறியாளர்:

தம்பி, டகோட்டா இறங்க அந்தத் தளம் தாராளம். ஆனால் இறங்கியது என்று எழுத, பறந்த விவரம் பதிகிற லாக் புத்தகம் வேண்டும், வாய்ப்பேச்சு போதாது. விமானத் தொழிலில் எழுதாதது நடக்காததுதான். ஒரு நட்டை மாற்றினாலும் எழுதிக் கையெழுத்துப் போடுகிறவர்கள் நாங்கள்.

அதனால்தான் எல்லோரிடமும் ஒன்று கேட்கிறேன். செட்டிநாட்டு வீடுகளில் தாள் எதையும் தூக்கிப்போடமாட்டீர்கள் என்று கேள்வி. ரங்கூன் கடைப் பேரேடுகூட இன்னும் பெட்டகத்தில் இருக்கும். அப்படியானால் ஜுப்பிடர் ஏர்வேஸின் ஒரு டிக்கெட், ஒரு கால அட்டவணை, ஒரு பங்குப் பத்திரம், ஊழியர் ஒருவரின் சம்பளச் சீட்டு, விமானத்தின் முன் நின்று எடுத்த ஒரு போட்டோ எங்காவது இருந்தே தீரும். போட்டோவில் விமானத்தின் உடம்பில் வி.டி. என்று தொடங்கும் பதிவெழுத்துகள் தெரிந்தால் இன்னும் நல்லது. வி.டி.-க்குப் பின்னால் வரும் மூன்று எழுத்தை வைத்து அது எந்தத் தொழிற்சாலையில் எப்போது செய்த விமானம், பிறகு யார் கைக்குப் போனது என்று தேடிவிடலாம். கல்லூரிகளின் வரலாற்றை எழுத ஆள் இருக்கிறார்கள். ஜுப்பிடருக்கு யாரும் இல்லை.


பள்ளத்தூரிலிருந்து, ஒரு ஆச்சி:

எங்கள் வளவில் இரண்டாம் கட்டு அறையில் தகரப் பெட்டி இருக்கிறது. அப்பச்சி சென்னை போய்வந்த காகிதங்கள் எல்லாம் அதற்குள்தான். சாவி தம்பி வீட்டில். பங்காளிகள் எல்லோரும் படைப்புக்கு வருவார்கள், அன்றைக்குத் திறக்கச் சொல்கிறேன். எழுத்துச் சின்னதாக இருந்தால் எனக்குக் கண் தெரியாது, பேரன் படம் எடுத்து அனுப்புவான்.


கோட்டையூரிலிருந்து:

ஆச்சி, நானும் வருகிறேன். கானாடுகாத்தான் தம்பி, நீங்களும் வந்தால் தூசி தட்ட ஒரு ஆள் ஆயிற்று. தாள்களை விரித்து வைக்கப் பழைய வேட்டி நாலு கொண்டுவாருங்கள், மடிப்பைக் கையால் இழுத்துப் பிரிக்கவேண்டாம். மற்ற ஊர்க்காரர்களும் அவரவர் வீட்டில் பார்த்துவிட்டு, என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்று இங்கேயே எழுதுங்கள்.